நாலு பெயர்கள் எழுதிய இசைத்தட்டு

சைக்கிள் விறாந்தையில் ஸ்ராண்ட் போட்டு நின்றது. பின்சில்லு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் மிதித்தேன்.

டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் யன்னல் கம்பிக்குள்ளால் அறைக்குள் போயின. உள்ளே ஒரு கதிரையின் நுனியில் அந்தோனி மாஸ்டர் இருந்தார். அவருக்கு முன்னால் மேசையில் பழைய இசைத்தட்டுப் பெட்டி. பெண்கள் சேர்ந்து பாடும் ஒரு தேவாலயப் பாட்டு. மூன்று நிமிடம் ஓடும். முடிந்ததும் ஊசி தட்டின் நடுவில் கரகரக்கும்.

நான் மிதிப்பதை நிறுத்தி மூச்சு வாங்கினேன். உள்ளேயிருந்து அவர் கேட்டார்.

"இன்னொருக்காப் போடட்டோ பிள்ளை? கால் நோகுதே?"

"இல்லை மாஸ்டர், போடுங்கோ."

அது ஆறாவது தடவை. வெளியே நல்ல வெயில். டைனமோ ரயரில் உரசி இரைகிற இரைச்சலில் எனக்குப் பாட்டு அரைகுறையாகத்தான் கேட்டது. ஆனால் அவருடைய முதுகு யன்னலுக்குள்ளால் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்தே பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லக்கூடிய அளவுக்கு நான் வந்திருந்தேன்.

ஏழாவது தடவைக்குப் பிறகுதான் அவர் எழும்பி வெளியே வந்து ஒரு கேள்வியைக் கேட்டார். அதற்கு முதல் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

ஈயம் வைப்பவள்

என் கணவர் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இணுவிலில் வானொலி திருத்துபவராக இருந்தார், எண்பதுகளின் நடுவில் ஐரோப்பாவுக்குப் போனார். முதல் வருடம் மாதம் ஒரு கடிதம். பிறகு பெருநாளுக்குப் பெருநாள். பிறகு நின்றுவிட்டது. அதன் காரணம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அது வேறு கதை.

அவர் இருந்தபோது வேலை இப்படித்தான் நடக்கும்: பிழையைக் கண்டுபிடிப்பது அவர், ஈயம் வைப்பது நான். அவருக்குக் கிட்டப் பார்வை போதாது. என் கை நடுங்காது. "இந்தக் காலைக் கழற்று, இதிலை புதுசை வை" என்பார். ஏன் கழற்றுகிறேன் என்று நான் கேட்டதில்லை. பத்து வருடம் அவருக்குப் பக்கத்தில் இருந்தும், ஒரு வானொலி ஏன் பாடுகிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாது.

அவர் போன பிறகும் முன்னறையில் மேசையும் சாமான்களும் அப்படியே கிடந்தன. தெருவைப் பார்த்த யன்னலில் 'வானொலி திருத்தப்படும்' என்ற பலகையும் கிடந்தது. கழற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆட்கள் வந்தார்கள். வயர் விட்டுப்போனது, ஸ்பீக்கர் கிழிந்தது போன்றவற்றைச் செய்து கொடுத்தேன். மற்றதற்கெல்லாம் "இவர் வந்தாப் பிறகு பாப்பம்" என்று திருப்பி அனுப்பினேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவர் வரப்போகிறார் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கரண்ட் இல்லாத ஊர்

தொண்ணூறில் சண்டை தொடங்கி, சுன்னாகத்து மின்நிலையத்திலிருந்து வந்த மின்சாரம் நின்றது. பற்றரியும் வருவதில்லை. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில். சனம் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்கப் பழகிக்கொண்டது.

அந்தக் காலத்தில் ஒரு பெண் உடுப்புத் தேய்க்கிற மின் அழுத்தியைக் கொண்டுவந்து திருத்தித் தரச் சொன்னாள். கரண்டே இல்லையே என்றேன். "வரேக்கை ஆயத்தமா இருக்கோணும் அக்கா" என்றாள். நான் சிரித்துவிட்டுத் திருத்திக் கொடுத்தேன். அவள் போன பிறகு சிரிப்பு வரவில்லை. நானும் அவளைப் போலத்தானே இருந்தேன்.

என்னிடம் ஒரு வானொலி இருந்தது. போவதற்கு முதல் எனக்கென்று அவர் தன் கையாலே செய்தது. மரப்பெட்டி, ஒன்பது வோல்ட். பின்னேரம் விளக்கு வைத்ததும் சைக்கிளை மிதித்து அரை மணித்தியாலம் செய்தி கேட்பேன். வீட்டில் ஒரு ஆண்குரல் கேட்கிற நேரம் அது ஒன்றுதான்.

சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி

மின்சாரம் போய் மூன்றாவது வருடமாக இருக்கும். ஒரு காலையில் யாழ்ப்பாணக் கரையோரத்துக் கொழும்புத்துறையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். வெள்ளைச் சாரம், மேல் பொத்தான் வரை பூட்டிய சேட்டு. கரியரில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பெட்டி.

"நான் அந்தோனி. கணக்கு மாஸ்டராய் இருந்து பென்ஷன் எடுத்தனான். உந்தப் பெட்டியைத் திருத்தவேணும்."

"இவர் இல்லை, மாஸ்டர். வெளிநாடு போயிட்டார்."

"தெரியும். வழியிலை சொன்னவை. நீர் ஈயம் நல்லா வைப்பீராம்."

"ஈயம் வைப்பன். பிழை பாக்கத் தெரியாது."

"பிழை எண்டால் என்ன பிள்ளை? ஒவ்வொண்டாய்க் கழிச்சுக்கொண்டு வந்தால் மிஞ்சுறதுதானே."

பெட்டியைத் திறந்தேன். அறுபதுகளில் செய்த இசைத்தட்டுப் பெட்டி. மூடியில் ஸ்பீக்கர். சுவர் மின்சாரத்திலும் ஓடும், ஆறு பற்றரியிலும் ஓடும். கப்பலில் வேலை செய்த மைத்துனர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததாம். பத்துப் பன்னிரண்டு வருடம் தொடாமல் கிடந்திருக்கிறது.

"என்ன பாட்டுக் கேக்கப் போறியள்?"

"ஒரு தட்டுக் கிடக்கு" என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

இவர் வந்தாப் பிறகு பாப்பம் என்று நான் ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று யோசித்திருக்கிறேன். சொல்லிச் சொல்லி அந்த வசனம் எனக்கே அலுத்திருக்க வேண்டும்.

வீங்கிய உருளை

பின்பக்கத்துப் பலகையைக் கழற்றினேன். பற்றரி வைக்கும் இடமெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. தேசிக்காய்ப் புளியும் பழைய பல்துலக்கியும் கொண்டு ஒரு பகல் முழுக்கத் தேய்த்தேன்.

கரண்டை அளக்கிற மீற்றர் அரைகுறை. அதற்குள் இருக்கும் பற்றரி செத்துவிட்டதால் வோல்ட் மட்டும் பார்க்கலாம், மற்றதொன்றும் பார்க்க முடியாது. என் கணவர் வைத்திருந்த, ஈயம் வைக்கிற சோல்டரிங் அயன் கரண்டில் வேலை செய்வது. அதற்கும் முந்திய, செப்பு முனை வைத்த ஒரு கம்பியைத் தேடி எடுத்து சிரட்டைக்கரித் தணலில் காய்ச்சினேன். ஒருமுறை காய்ச்சினால் நாலு இடத்தில் ஈயம் வைக்கலாம், பிறகு ஆறிவிடும். திரும்ப அடுப்படிக்கு ஓட வேண்டும்.

மாஸ்டர் சொன்னபடி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தேன். மோட்டார் நல்லது, டைனமோவை நேரே கொடுத்தால் திக்கித் திக்கிச் சுற்றியது. ஸ்பீக்கர் நல்லது. அப்படியென்றால் கரண்டை வாங்கிச் சீராக்கிக் கொடுக்கிற பகுதியில்தான் பிழை. அங்கே கட்டைவிரல் பருமனில் ஒரு கண்டென்சர் நின்றது. அலையலையாக வருகிற கரண்டைத் தொட்டி மாதிரிப் பிடித்து வைத்து நிதானமாக விடுவதுதான் அதன் வேலை. அடிப்பக்கம் வீங்கி வெடித்து, உள்ளே இருந்த பசை வழிந்து காய்ந்து மண்ணிறமாக ஒட்டியிருந்தது. வேகத்தை ஒரே அளவில் வைக்கிற ரான்சிஸ்ரரும் கருகியிருந்தது.

"கண்டென்சர்தான்" என்று சத்தமாகச் சொன்னேன்.

வாழ்க்கையில் முதல்முறையாக நானே ஒரு பிழையைக் கண்டுபிடித்திருந்தேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அறையில் ஒருவரும் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழும்பிப் போய் வாளியில் தண்ணீர் அள்ளி முகம் கழுவினேன்.

என் வானொலி

சாமான் பெட்டியில் கிடந்த சின்னக் கண்டென்சர்களை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தேன். மாஸ்டர் சோதிக்கவென்று விட்டுப்போன ஒரு பழைய தட்டைப் போட்டுவிட்டு மிதித்தேன். பாட்டோடு சேர்ந்து தேனீக்கூடு மாதிரி ஒரு இரைச்சல். கொஞ்சம் வேகமாக மிதித்தால் பாடகி சிறுபிள்ளை ஆனாள், மெதுவாக மிதித்தால் ஆம்பிளை ஆனாள்.

சந்தைப் பக்கம் இருந்த இரண்டு கடைகளில் விசாரித்தேன். யாழ்ப்பாணம் ரவுனுக்கும் போய்வந்தேன். அந்த அளவுக் கண்டென்சர் எங்கேயும் இல்லை. ரான்சிஸ்ரர் என்றதும் கடைக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். அவற்றைக் குடாநாட்டுக்குள் கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்த காலம்.

எங்கே இருக்கிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். தெரியாத மாதிரி நான்கு நாள் அலைந்தேன்.

ஐந்தாம் நாள் என் வானொலியின் முதுகைத் திறந்தேன். நாலு டையோட், கொழுத்த கண்டென்சர், ரான்சிஸ்ரர், எல்லாம் ஒரு சின்னப் பலகையில் வரிசையாக. ஒன்பது வோல்ட். அவர் கை வேலை. ஈயம் மட்டும் நான் வைத்தது.

முன்பின் தெரியாத கிழவர் ஒருவருக்காக இதை ஏன் வெட்ட வேண்டும் என்று என்னையே கேட்டேன். அவர் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். சாமான் கிடைக்கவில்லை என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார். யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை.

ஆனால் எனக்கு அந்தப் பெட்டி பாடுவதைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. நான் கண்டுபிடித்த பிழை சரிதானா என்று தெரிய வேண்டும். மற்றவர் துயரத்துக்காகத் தியாகம் செய்தேன் என்று இப்போது எழுதலாம், அது பொய். செப்பு முனையைத் தணலில் வைத்துவிட்டு, வயர்களை ஒவ்வொன்றாக வெட்டினேன்.

அன்று பின்னேரம் புதுக் கரண்ட் பலகையோடு பெட்டி பாடியது. வேகமாக மிதித்தாலும் மெதுவாக மிதித்தாலும் ஒரே குரல். மிகவும் தளர்ந்தால் மட்டும்தான் இறங்கியது. இருட்டுகிற வரையும் மிதித்தேன். பிறகு செய்தி நேரம் வந்தது. என்னிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

உடைக்காத பார்சல்

சொன்ன நாளில் மாஸ்டர் வந்தார். கையில் மண்ணிறத் தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டிய ஒரு பார்சல். முத்திரையில் கொழும்புத் தபால் குத்து. நூலின் முடிச்சு அவிழ்க்கப்படவே இல்லை.

"என்ன மாஸ்டர், இன்னும் உடைக்கேல்லையே?"

"இல்லை. எண்பத்துமூண்டுக்கு முதல் வந்தது. ஒரு நத்தார்ப் பெருநாளுக்கு அனுப்பினவள். என்ரை மகள், றெஜினா."

அவள் நேர்ஸ் படிக்கக் கொழும்புக்குப் போய், அங்கே வீட்டாரைக் கேளாமல் கலியாணம் முடித்தவள். அவள் போட்ட கடிதங்களை மாஸ்டர் திருப்பி அனுப்பினார். இந்தப் பார்சலை மட்டும் மனைவி ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். மனைவி செத்த பிறகு அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கண்டெடுத்தார். தடவிப் பார்த்ததில் இசைத்தட்டு என்று தெரிந்தது, அப்போதும் உடைக்கவில்லை. எண்பத்துமூன்றில் கொழும்பில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, அகதி முகாமில் அவளைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். பிறகு எங்கே போனாள் என்று தெரியாது.

"தேடேல்லையோ?"

"அவள் எழுதட்டும் எண்டு இருந்தன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவளும் அப்பிடித்தான் இருந்திருப்பாள்" என்றார்.

பார்சலை என் பக்கம் தள்ளினார். நான் குறட்டால் நூலை வெட்டினேன். உள்ளே ஒரு சின்ன இசைத்தட்டு. கொழும்பில் ஒரு பங்குக் கோயிலின் பாடகர் குழு. அட்டையின் பின்பக்கம் பாடியவர்கள் என்று நாலு பெண்களின் பெயர் அச்சடித்திருந்தது. மூன்றாவது பெயர்: றெஜினா அந்தோனி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்ப வாசித்தார்.

"புருஷன்ரை பேரைப் போடேல்லை" என்றார். "என்ரை பேரைத்தான் போட்டிருக்கிறாள்."

நான் வெளியே போய்ச் சைக்கிளில் ஏறினேன்.

எது அவள்?

ஏழு தடவை முடிந்து விறாந்தைக்கு வந்தவரின் முகத்தில் நான் எதிர்பார்த்த அழுகை இல்லை. பயம் இருந்தது.

"பிள்ளை, எனக்கு அவளின்ரை குரல் எது எண்டு தெரியேல்லை."

நான் சைக்கிளை விட்டு இறங்கினேன்.

"நாலு பேர் பாடுகினம். நாலும் ஒரே மாதிரிக் கிடக்கு. பெத்த தகப்பனுக்குத் தெரியாமல் போகுமோ? வீட்டிலை பாடுவாள்தானே. நான் கணக்குத் திருத்திக்கொண்டிருந்திட்டன் போலை."

பிறகு, "நீர் உள்ளுக்கை போய்க் கேளும். நான் மிதிக்கிறன்" என்றார்.

"எனக்கு அவவைத் தெரியாதே மாஸ்டர்."

"பொம்பிளைப் பிள்ளையளின்ரை குரல் பொம்பிளையளுக்குத்தான் விளங்கும். போம்."

தடுக்க முடியவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நான் உள்ளே போய் ஊசியை வைத்தேன். முதல் தடவையாக அந்தப் பாட்டைச் சரியாகக் கேட்டேன். நல்ல பாட்டு. குரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போயின. யாருடையது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் தடவை முடிந்தது. "தெரியுதே?" என்று வெளியேயிருந்து கேட்டார். "இன்னொருக்கா" என்றேன். இரண்டாவது தடவை பாதியில் பாட்டு இறங்கத் தொடங்கியது. பெண்களெல்லாம் ஆண்களாகி, பிறகு உறுமலாகி... யன்னலால் பார்த்தேன். ஹாண்டிலில் குனிந்துபோய், வாய் திறந்தபடி மிதித்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் சொல்லும்வரை இறங்க மாட்டார் என்று தெரிந்தது.

"மாஸ்டர், இறங்குங்கோ! கண்டுபிடிச்சிட்டன்!"

இறங்கி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எது?"

"இரண்டாவது அடியிலை ஒரு குரல் கொஞ்சம் பிந்தி வருகுது. மற்றவை தொடங்கினாப் பிறகு. அதுதான்."

அப்படி ஒரு குரல் உண்மையில் இருந்தது. அது யாருடையது என்று எனக்கெப்படித் தெரியும்?

அவரை உள்ளே இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். பிறகு நான் மிதித்தேன். இரண்டாவது அடி வந்ததும் அந்த முதுகு நிமிர்ந்தது. பிறகு குலுங்கத் தொடங்கியது.

"ஓம்" என்றார் பாட்டு முடிந்ததும். "ஓம். சின்னனிலையும் அவள் அப்பிடித்தான். எதுக்கும் பிந்தித்தான் வருவாள்."

கிளாலிப் பக்கம்

இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்ப வந்தார். கொழும்புக்குப் போகப்போகிறாராம். அட்டையில் இருக்கிற கோயிலில் விசாரித்தால் தெரியுமாம். அந்த நாட்களில் குடாநாட்டை விட்டுப் போவதென்றால் கிளாலிக்குப் போய்க் கடலேரியைப் படகில் கடக்க வேண்டும். எத்தனையோ பேர் அதில் போய்ச் சேரவில்லை.

"இந்த வயசிலையோ மாஸ்டர்? கடிதம் போட்டுப் பாருங்கோவன்."

"கடிதத்துக்குக் குரல் இல்லையே. நீர் கண்டுபிடிச்சுத் தந்தீர். இனி இருக்கேலாது."

அப்போது சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது, நீங்கள் விழுந்துவிடுவீர்கள் என்ற பயத்தில் சொன்னேன் என்று. வாய் வரவில்லை. இசைத்தட்டை ஒரு சாரத்துக்குள் சுற்றி வைத்திருந்தார். பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நான்கைந்து மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நேவிக்காரங்கள் படகுகளைச் சுட்டுப்போட்டாங்களாம் என்று சந்தியில் கதைப்பார்கள். கேட்க வானொலி இல்லை. காலையில் வாசிகசாலைக்குப் போய்ப் பேப்பரில் செத்தவர்களின் பெயர்களைத் தேடுவேன். அந்தோனி என்ற பெயர் எங்களூரில் குறைவா என்ன? ஒவ்வொரு அந்தோனிக்கும் வயதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும். யாரிடமும் சொல்ல முடியவில்லை. கணவனுக்காகக் கூட நான் அப்படிப் பேப்பர் பார்த்ததில்லை.

றெஜினாவின் கடிதம்

கப்பலில் தபால் வந்த ஒரு நாள் தபால்காரர் மணி அடித்தார். என் பெயருக்குக் கடிதம் வந்து இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. தெரியாத கையெழுத்து. உறையின் பின்பக்கத்தில் றெஜினா என்றிருந்தது.

"அன்புள்ள அக்கா, அப்பா சுகமாக வந்து சேர்ந்தார். கோயிலில் விசாரித்து வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். என் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை" என்று தொடங்கியது. நான் அடுப்படி வாசலில் இருந்துவிட்டேன். கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இரண்டாம் பக்கம் இப்படி இருந்தது:

"அப்பா அந்தத் தட்டைக் கொண்டு வந்திருக்கிறார். இரண்டாவது அடியில் பிந்தி வருவது நான்தான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். நீங்கள்தான் கண்டுபிடித்துச் சொன்னதாகவும் சொல்கிறார். அக்கா, ஒலிப்பதிவு நடந்த அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். தொண்டை அடைத்துப்போய் நான் பாடவே இல்லை. அட்டை முதலே அச்சடித்தபடியால் என் பெயர் வந்துவிட்டது. கவனமாகக் கேட்டால் அதில் மூன்று குரல்தான் இருக்கிறது. அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் யாரிடமாவது சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. உங்களுக்குத்தான் எழுதலாம் என்று பட்டது."

நாலு பெயரைப் பார்த்ததால் நானும் அவரும் நாலு குரல் கேட்டிருக்கிறோம்.

அன்றிரவே பதில் எழுதினேன். அவர் சைக்கிள் மிதித்ததையும், கழுத்து நரம்பையும், நான் சொன்ன பொய்யையும் எழுதினேன். என் வானொலியைப் பற்றியும் எழுதினேன். எனக்கே தெரியாமல், என் கணவர் கடிதம் போடாததைப் பற்றியும் எழுதிவிட்டேன். ஆறு பக்கம். அதற்கு முதல் என் வாழ்க்கையில் யாருக்கும் நான் ஆறு பக்கம் எழுதியதில்லை.

அதன் பிறகு நாங்கள் எழுதிக்கொண்டே இருந்தோம், தபால் வந்த காலத்திலும் வராத காலத்திலும். இன்றுவரை நேரில் கண்டதில்லை.

மாஸ்டர் சில வருடங்களுக்குப் பிறகு மகள் வீட்டிலேயே இறந்தார். அந்தச் செய்தியோடு வந்த கடிதத்தில் றெஜினா எழுதியிருந்தாள்:

"கடைசி மாதங்களில் தட்டுத் தேய்ந்துபோய்விட்டது. பாடிக் காட்டு என்பார். பக்கத்தில் இருந்து பாடுவேன். முதல் நாள் நான் நேரத்துக்குத் தொடங்கிவிட்டேன். அப்பாவின் முகம் மாறியதைக் கண்டேன். அடுத்த நாளிலிருந்து இரண்டாவது அடிக்குக் கொஞ்சம் பொறுத்து, பிந்தித்தான் பாடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஓம், இதுதான் என்பார்."